கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் ஏன் இப்படித் துள்ளுகின்றன?

2024 மார்ச் 1 அன்று டெல் நிறுவனத்தின் பங்கு 31 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. ஒரே நாளில். முந்தைய நாள் அது வெளியிட்ட காலாண்டுக் கணக்கைப் பார்த்தால், விற்பனை வருமானம் 11 சதவீதம் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்து மே 31 அன்று அதே பங்கு ஏறக்குறைய 18 சதவீதம் சரிந்தது. அந்த முறை வெளியான கணக்கில் வருமானம் 6 சதவீதம் கூடியிருந்தது.

வருமானம் குறைந்தால் ஏற்றம், கூடினால் இறக்கம். பங்குச் சந்தைப் பழக்கம் இல்லாதவர்கள் பார்த்தால் அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். ஆனால் டெல், ஹெச்பி, லெனோவோ, முன்பிருந்த காம்பேக் என்று கம்ப்யூட்டர் விற்ற நிறுவனங்களின் நாற்பது ஆண்டுக் கதையை எடுத்துக்கொண்டால் இப்படிப்பட்ட நாட்கள் நிறையவே கிடைக்கும். இவை சின்னக் கம்பெனிகளும் அல்ல. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பெட்டிகளை விற்கிறவை. அவ்வளவு பெரிய கப்பல் எப்படிக் காகிதக் கப்பல் போல ஆடுகிறது?

விடை 1981-லேயே தொடங்குகிறது. ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அவசரத்தில் இருந்தது. சிப்பை இன்டெலிடம் வாங்கியது, இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடம் வாங்கியது. இரண்டு பேரும் அதே சரக்கை மற்றவர்களுக்கும் விற்கலாம் என்று விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே ஹூஸ்டனில் காம்பேக் பிறந்தது. ஐபிஎம் பெட்டியில் ஓடுவதெல்லாம் தன் பெட்டியிலும் ஓடும் என்று சொல்லி, முதல் ஆண்டு விற்பனையிலேயே 11 கோடி டாலரைத் தாண்டியது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் செய்யலாம் என்றானது. டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் 1984-ல் ஆயிரம் டாலரோடு தொடங்கிய மாணவர் மைக்கேல் டெல்லும் செய்தார்.

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற தொழிலில் லாபம் எங்கே போய்ச் சேரும்? யாரும் செய்ய முடியாததைச் செய்கிறவரிடம். நல்ல காலத்தில் இன்டெல் ஒவ்வொரு 100 டாலர் விற்பனையிலும் 30 டாலர் அளவுக்குச் செயல்பாட்டு லாபம் (வட்டியும் வரியும் கழிக்கும் முன் நிற்பது) பார்த்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கும் மேல். அவர்களுடைய பொருள்களை ஒரு பெட்டிக்குள் பூட்டி, மேலே தன் பெயரை ஒட்டி விற்றவருக்கு 5, 6 டாலர் நின்றால் பெரிய காரியம். பாலைக் கடைந்தவர்கள் வெண்ணெயை எடுத்துக்கொண்டார்கள், பானையைச் சுமந்து தெருத் தெருவாய் விற்றவருக்கு மோர் மிஞ்சியது. இந்தப் பங்குகளின் எல்லா ஆட்டத்துக்கும் அடியில் இருப்பது இந்த மோர்க் கணக்குதான் என்பது என் கட்சி.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 100 ரூபாய்க்கு விற்கிறது. உதிரிபாகங்களுக்கு 84 ரூபாய். சம்பளம், வாடகை, விளம்பரம் போன்ற, விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற செலவு 10 ரூபாய். மிச்சம் 6. இப்போது விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வருவது 80, பாகங்களுக்கு 67 ரூபாய் சொச்சம், நிலைச் செலவு அதே 10. கையில் 2 ரூபாய் 80 காசு. விற்பனை 20 சதவீதம் குறைந்ததற்கு லாபம் பாதிக்கு மேல் போய்விட்டது. சரக்கு தேங்குகிறதே என்று விலையிலும் ஒரு 3 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், மிஞ்சுவது வெறும் 40 காசு. பங்கின் விலை லாபத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. 6 ரூபாய் 40 காசாகும்போது பங்கு மட்டும் 20 சதவீதம் இறங்கினால் போதும் என்று எப்படி நிற்கும்? ஏறும்போதும் இதே கணக்குத்தான், தலைகீழாக.

மோர் எவ்வளவு நீர்த்தது என்று தெரிய ஒரு சாட்சியம் இருக்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் டெல் மீது ஒரு கணக்குவழக்குப் புகாரைத் தொடுத்து, 2010 ஜூலையில் டெல் 10 கோடி டாலர் அபராதம் கட்டி அதை முடித்துக்கொண்டது. இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் சிப்புகளை வாங்காமல் இருப்பதற்காக இன்டெல் டெல்லுக்குப் பணம் கொடுத்து வந்தது, முதலீட்டாளர்களிடம் டெல் அதைச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதமாக இருந்த அந்தப் பணம், 2006-ல் 38 சதவீதமானது. 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதம். அதாவது உலகின் முதல்நிலைக் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் லாபத்தில் நாலில் மூன்று பங்கு, வெண்ணெய் எடுத்தவர் திருப்பிக் கொடுத்த ஒரு கரண்டி! டெல் ஏஎம்டி சிப்பையும் வாங்கத் தொடங்கியதும் அந்தக் கரண்டி சுருங்கியது. டெல்லின் லாபம் குறைந்ததற்கு அந்த ஓட்டைதான் காரணம் என்பது வெளியே இருந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

இனி சரக்குக்கு வருவோம். மல்லிகைப் பூ வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் வாங்கிய பூ மாலையில் பாதி விலை, மறுநாள் குப்பை. கம்ப்யூட்டர் பாகங்களும் வாடுகிற சரக்குதான். இன்று வாங்கிக் கிடங்கில் போட்ட சிப்பைப் போட்டியாளர் அடுத்த மாதம் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவார். புது மாடல் வந்துவிட்டால் பழையதைத் தொடவே ஆள் இருக்காது.

காம்பேக் டீலர்கள் வழியாக விற்றது. டீலர் கிடங்கில் பல வாரச் சரக்கு நிற்கும். விலையைக் குறைத்தால், ஏற்கெனவே கூடுதல் விலைக்கு வாங்கிவைத்த டீலருக்கு அந்த வித்தியாசத்தைக் கம்பெனியே ஈடுகட்ட வேண்டும். டெல் டீலரை வைத்துக்கொள்ளவில்லை. தொலைபேசியிலும் பிறகு இணையத்திலும் ஆர்டர் வந்தபின்தான் பெட்டியைக் கோத்தது. 1990-களின் முடிவில் அதன் கையிருப்பு ஒரு வாரத்துக்கும் குறைவு. வாடிக்கையாளர் பணம் முதலில் வந்துவிடும், பாகம் கொடுத்தவருக்குப் பிறகு கொடுத்தால் போதும். ஆகவே வியாபாரம் வளர வளர கையில் பணம் சேர்ந்துகொண்டே போனது. ஊரார் பணத்தில் கடை நடத்துகிற சாமர்த்தியம். இதற்கு மறுபக்கமும் உண்டு. விற்பனை சுருங்கத் தொடங்கினால் அதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய பாக்கிகளைக் கட்ட வேண்டியிருக்கும், புது ஆர்டர் பணம் வராது. நல்ல காலத்தில் பணத்தைக் கொட்டிய அமைப்பே கெட்ட காலத்தில் உறிஞ்சும். இந்தப் பங்குகள் ஏறும்போது மிகையாகவும் இறங்கும்போது மிகையாகவும் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

1988 ஜூனில் 8 டாலர் 50 சென்ட்டுக்கு டெல் பங்கு வெளியானது. 1990-களில் மட்டும் ஏழு முறை பிரிக்கப்பட்டு, அன்றைய ஒரு பங்கு 96 பங்காகப் பெருகியது. அந்தப் பத்தாண்டில், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 500-ஐக் கொண்ட எஸ் அண்ட் பி 500 பட்டியலில் டெல்லை விட அதிகமாக ஏறிய பங்கு வேறு இல்லை. ஊழியர்களில் பணக்காரர் ஆனவர்களை டெக்சாஸில் ‘டெல்லியனர்’ என்று அழைத்தார்கள் (தில்லிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை). 2000 மார்ச்சில் பங்கு 59 டாலரை ஒட்டிப் போனது. 2009 தொடக்கத்தில் 10 டாலருக்கும் கீழே கிடந்தது. இத்தனைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் விற்பனை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

காம்பேக்கின் வீழ்ச்சி இன்னும் வேகமானது. 1998-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தை 960 கோடி டாலருக்கு வாங்கி, ஐபிஎம்முக்கே சவால் விடப்போவதாகத் தோன்றியது. 1999 ஏப்ரல் 9 அன்று, முதல் காலாண்டு லாபம் எதிர்பார்த்ததில் பாதிதான் இருக்கும் என்று அறிவித்தது. சந்தை திறந்ததும் பங்கின் விலை 20 சதவீதத்துக்கு மேல் கரைந்தது. ஒன்பதாம் நாள் தலைமை அதிகாரி எக்கார்ட் ஃபைஃபர் பதவியில் இல்லை. 2001 செப்டம்பரில் ஹெச்பி 2,500 கோடி டாலருக்குக் காம்பேக்கை வாங்குவதாக அறிவித்தபோது நடந்ததோ இன்னும் வேடிக்கை. பொதுவாக ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கினால், விலைபோகிற கம்பெனியின் பங்காவது ஏறும். அன்று ஹெச்பி 18 சதவீதம் விழுந்தது, காம்பேக்கும் 10 சதவீதம் விழுந்தது. இரண்டு மோர்ப் பானையைச் சேர்த்து ஊற்றினால் வெண்ணெய் திரளாது என்று சந்தை நினைத்தது. இந்த இணைப்பை நடத்திக் காட்டிய ஹெச்பி தலைமை அதிகாரி கார்லி ஃபியோரினாவை 2005 பிப்ரவரியில் இயக்குநர் குழு வெளியேற்றிய நாளில் ஹெச்பி பங்கு 7 சதவீதம் அளவுக்கு ஏறியது. ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பியதற்குச் சந்தை கொடுத்த மொய்!

இதுவரை சொன்னதெல்லாம் லாபத்தின் ஆட்டம். அதற்கு மேல் இன்னொன்று உண்டு. ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை எத்தனை ரூபாய் விலை கொடுக்கிறது என்பது. மோர்க் கம்பெனி என்று முத்திரை குத்திவிட்டால் எட்டு, பத்து ரூபாய்தான். இது வேறு ஏதோ ஆகப்போகிறது என்று நம்பிக்கை வந்தால் இருபது, முப்பது. லாபம் அப்படியே இருக்க, அந்த நம்பிக்கை மாறினாலே விலை இரட்டிக்கும், பாதியாகும்.

ஆப்பிள் இதற்கு இரண்டு பக்கமும் உதாரணம். 2000 செப்டம்பரில், விற்பனை மந்தம், லாபம் குறையும் என்று அது சொன்ன மறுநாள் பங்கு 53 டாலர் 50 சென்ட்டிலிருந்து 25 டாலர் 75 சென்ட்டுக்கு வந்தது. ஒரு நாளில் பாதிக்கு மேல். அதற்கு மூன்று ஆண்டு முன்பு 1997 அக்டோபரில், ஆப்பிளை உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று மைக்கேல் டெல்லிடம் ஒரு மேடையில் கேட்டார்கள். இழுத்து மூடிவிட்டுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார். 2006 ஜனவரி 13 அன்று ஆப்பிளின் சந்தை மதிப்பு 7,200 கோடி டாலரைத் தாண்டி டெல்லை முந்தியது. ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த வாக்கை மறக்கவில்லை. அன்றே ஊழியர்களுக்கு அதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினார். ஐபாட் வந்தபிறகு ஆப்பிளை யாரும் கம்ப்யூட்டர் கம்பெனி என்ற கணக்கில் எடைபோடவில்லை. தன் இயங்குதளத்தையும் தானே செய்ததால் அதனிடம் கொஞ்சம் வெண்ணெய் எப்போதும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த முத்திரையைக் கழற்றி எறிய ஹெச்பி ஒருமுறை அவசரப்பட்டது. 2011 ஆகஸ்ட் 18 அன்று தலைமை அதிகாரி லியோ அப்போதெக்கர் ஒரே மூச்சில் மூன்று அறிவிப்புகளைச் செய்தார். கம்ப்யூட்டர் பிரிவைப் பிரித்துவிட யோசிக்கிறோம். டச்பேட் என்ற டேப்லெட்டையும், வெப்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் மற்றக் கருவிகளையும் நிறுத்துகிறோம். பிரிட்டனின் அட்டானமி என்ற மென்பொருள் நிறுவனத்தை 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறோம். மறுநாள் பங்கு 20 சதவீதம் விழுந்தது. அடுத்த மாதமே அவருக்குப் பதில் மெக் விட்மன் வந்தார், கம்ப்யூட்டர் பிரிவைப் பிரிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. 2012 நவம்பரில் 880 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தார்கள், அதில் பெரும்பகுதி அட்டானமி. பங்கு மேலும் 12 சதவீதம் இறங்கியது. பிறகு 2015 நவம்பர் 1 அன்று ஹெச்பி இரண்டாகப் பிரிந்தபோது, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரு பக்கம், நிறுவனங்கள் வாங்குகிற சர்வர் என்ற பெரிய கணினிகள் மறுபக்கம் என்று ஆனது. அப்போதெக்கர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். சொன்ன விதமும் வேளையும் தப்பு.

மைக்கேல் டெல் வேறு வழியில் போனார். 2013-ன் முதல் காலாண்டில் உலகக் கம்ப்யூட்டர் விற்பனை 13.9 சதவீதம் சரிந்ததாக ஐடிசி ஆய்வு நிறுவனம் அறிவித்தது. அது கணக்கெடுக்கத் தொடங்கிய 1994-லிருந்து அவ்வளவு மோசமான காலாண்டு இல்லை. போனும் டேப்லெட்டும் கம்ப்யூட்டரை முடித்துவிட்டன என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு சில்வர் லேக் முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பங்குக்கு 13 டாலர் 75 சென்ட், மொத்தம் 2,490 கோடி டாலர் கொடுத்து தன் கம்பெனியைச் சந்தையிலிருந்தே வெளியே எடுத்துவிட்டார். விலை மிகக் குறைவு என்று பெரும் முதலீட்டாளர் கார்ல் ஐகான் மல்லுக்கு நின்றார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் ஐகான் சொன்னதில் உண்மை இருந்தது. தினமும் விலை எழுதும் சந்தையைவிட உள்ளே இருப்பவருக்குக் கம்பெனி நன்றாகத் தெரியும் என்பதில் என்ன ஆச்சரியம்? தரவுச் சேமிப்புக் கருவிகள் செய்த இஎம்சி நிறுவனத்தை வாங்கி, அதோடு வந்த விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் வைத்துக்கொண்டு, 2018 டிசம்பர் 28 அன்று டெல் மறுபடி நியூயார்க் சந்தைக்கு வந்தது.

இந்தியாவில் டெல்லோ ஹெச்பியோ பட்டியலில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் டெல்லுக்கு ஆலை உண்டு, ஆனால் பங்கின் விலை நியூயார்க்கில்தான் எழுதப்படுகிறது. நமக்குச் சொந்தமாக ஒரு உதாரணம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார் 1976-ல் தொடங்கிய ஹெச்சிஎல். கம்ப்யூட்டர் செய்த ஹெச்சிஎல் இன்ஃபோசிஸ்டம்ஸ் 2013-ல் அந்தத் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மென்பொருள் சேவையில் இறங்கிய ஹெச்சிஎல் டெக்னாலஜீஸ் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கம்ப்யூட்டரின் இன்னொரு குணம், அது அரிசி பருப்பு போல மாதாமாதம் வாங்குகிற பொருள் அல்ல. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை. ‘இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்’ என்று எல்லோரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் சந்தை படுத்துவிடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டால் கையிருப்பு போதாது. கொரோனா காலம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது. 2019-ல் உலகம் முழுவதும் விற்பனைக்கு அனுப்பப்பட்ட கம்ப்யூட்டர்கள் ஐடிசி கணக்கில் ஏறத்தாழ 26.7 கோடி. 2021-ல் 35 கோடியை ஒட்டியது. 2023-ல் மறுபடி 26 கோடி. வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடம் நடந்த இரண்டு ஆண்டுகளில் அடுத்த சில ஆண்டுகளின் விற்பனை முன்கூட்டியே நடந்து முடிந்திருந்தது. கடன் வாங்கிய விற்பனை. 2023 முதல் காலாண்டில் 29 சதவீதம் குறைந்து கடன் அடைபட்டது.

2022 ஏப்ரலில், அதாவது உச்சியிலிருந்து சரிவு தொடங்குகிற வேளையில், பேர்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் ஹெச்பியில் 11 சதவீதத்துக்கு மேல், 420 கோடி டாலர் மதிப்புக்குப் பங்கு வாங்கியிருப்பது தெரிந்தது. ஏப்ரல் 7 அன்று ஹெச்பி 15 சதவீதம் அளவுக்கு ஏறியது. அன்று ஹெச்பி ஒரு பெட்டிகூடக் கூடுதலாக விற்றிருக்காது. அந்தக் கிழவர் அதில் என்ன கண்டார்? ஹெச்பி தன் லாபத்தில் பெரும்பகுதியைத் தன் பங்குகளையே சந்தையில் திரும்ப வாங்கச் செலவிட்டு வந்தது. 2015-ல் ஹெச்பி இரண்டாகப் பிரிந்தபோது 180 கோடியை ஒட்டி இருந்த பங்குகள் 2023 வாக்கில் 100 கோடிக்கு வந்துவிட்டன. குடம் வளராவிட்டாலும் குடிக்கிறவர்கள் குறைந்தால் ஆளுக்குக் கூடுதல் மோர் கிடைக்கும் அல்லவா? ஆனாலும் பெர்க்‌ஷயர் 2023 முடிவதற்குள் அந்தப் பங்கில் பெரும்பகுதியை விற்றுவிட்டுப் போய்விட்டது.

சில சமயம் இதெல்லாம்கூட வேண்டியதில்லை. 2018 அக்டோபரில், சூப்பர்மைக்ரோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர் போர்டுகளில் சீனாவில் வேவு சிப் செருகப்பட்டதாக ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. அவற்றை வாங்கியதாக அதில் சொல்லப்பட்ட ஆப்பிளும் அமேசானும் அடியோடு மறுத்தன. அந்தச் செய்தியில் குற்றம் சாட்டப்படாத லெனோவோ மறுநாள் ஹாங்காங்கில் 15 சதவீதம் விழுந்தது. சீனக் கம்பெனி, அதுபோதும்.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். 2024 மார்ச்சில் டெல் ஏறியது கம்ப்யூட்டரால் அல்ல. கம்ப்யூட்டர் பிரிவின் வருமானம் அந்தக் காலாண்டில் 12 சதவீதம் குறைந்திருந்தது. ஏஐ (செயற்கை நுண்ணறிவு) சர்வர்களுக்கு 290 கோடி டாலர் ஆர்டர் கையில் நிற்கிறது என்ற ஒரு வரி, டெல்லின் மேல் இருந்த பழைய முத்திரையைக் கிழித்துப் போட்டது. மே மாதம் வந்தபோது சந்தை அடுத்த கேள்வியைக் கேட்டது. சரி, அந்தச் சர்வரில் உனக்கு என்ன நிற்கிறது? ஏஐ சர்வர் விற்பனை எகிறியிருந்தது. சர்வரும் சேமிப்புக் கருவிகளும் சேர்ந்த பிரிவின் லாபமோ அசையாமல் இருந்தது. சர்வருக்குள்ளே விலைமிக்க பொருள் என்விடியாவின் சிப். வெண்ணெய் போகிற வீடு மாறியிருக்கிறது, இன்டெலுக்குப் பதில் என்விடியா. டெல்லின் கையில் இருப்பது அதே பானை.

2025 ஏப்ரலில் டிரம்ப் இறக்குமதி வரியை அறிவித்த மறுநாள், ஆசியாவில் பெட்டி கோக்கிற டெல்லும் ஹெச்பியும் சந்தையிலேயே மோசமாக அடிவாங்கியவற்றில் இருந்தன. பிறகு கம்ப்யூட்டருக்கு விலக்கு என்றதும் மூச்சு வந்தது. அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது, பழைய பெட்டிகளை மாற்றியே ஆக வேண்டும், இனி நல்ல காலம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்குள் ஏஐ தரவு மையங்கள் நினைவக சிப்புகளை வாரிக்கொண்டு போக, ராம் என்ற அந்த நினைவகத்தின் விலை ஏறத் தொடங்கியது. கம்ப்யூட்டர் செலவில் நினைவகத்தின் பங்கு 15 முதல் 18 சதவீதம் என்று நவம்பரில் ஹெச்பி சொன்னது. 50,000 ரூபாய் லேப்டாப்பில் அதை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 30 சதவீதம் ஏறினால் 2,400 ரூபாய் கூடுதல். ஆறு சதவீதக் கணக்கில் அந்த லேப்டாப்பில் கம்பெனிக்கு நிற்பதே 3,000. வாடிக்கையாளர் தலையில் ஏற்றலாம், ஏற்றினால் அவர் ‘இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்’ என்பார். அந்த மாதம் டெல், ஹெச்பி பங்குகள் இறங்கின. நினைவக சிப் செய்கிற சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்த ஆண்டை வாழ்நாள் உச்சத்தை ஒட்டி முடித்தன.